முப்பத்தேழும் இருபத்து நாலும்

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் காரியக் கமிட்டித் தேர்தலில் நானும் ஜெயித்தேன். ஜெயித்தவன் தேர்தல் முறை சரியில்லை என்று எழுதுவது வழக்கமில்லை. அது தோற்றவர் செய்யும் வேலை. ஆகவே ஒன்றை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். இந்தக் கட்டுரையில் நான் குறை சொல்லப் போகும் விதி எனக்கு நன்மை செய்த விதி.

நடந்தது அங்கத்தினர்கள் அறிந்ததே. கமிட்டியில் 5 ஸ்தானங்கள். ஓட்டளித்தவர்கள் 61 பேர். ஒவ்வொருவருக்கும் ஐந்து ஓட்டு. ஊரிலிருந்து படிக்க வந்து விடுதியில் தங்கியிருக்கும் நாங்கள் 37 பேர். டில்லியிலேயே பிறந்து வளர்ந்து, ராமகிருஷ்ணபுரத்திலிருந்தும் மயூர் விஹாரிலிருந்தும் நாள்தோறும் வந்து போகும் தமிழர்கள் 24 பேர். தேர்தலுக்கு முந்தின இரவு விடுதி மொட்டைமாடியில் கூடி எங்கள் ஐந்து பெயர்களை முடிவு செய்தோம். மறுநாள் அந்த ஐந்து பேருக்கும் ஆளுக்கு 37 ஓட்டு விழுந்தது. அவர்கள் நிறுத்திய ஐவருக்கும் ஆளுக்கு 24. ஐந்துக்கு ஐந்தும் எங்களுக்கே. அன்று மாலை டீக்கடையில் நான்தான் எல்லோருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்தேன்.

பிறகு பொங்கல் வந்தது. வருஷந்தோறும் நம் பொங்கலுக்கு வெண்கலப் பானையும், கரும்பும், மஞ்சள் கொத்தும் வருவது அந்த டில்லி வீடுகளிலிருந்துதான். இரண்டு மூன்று அம்மாக்கள் விடியற்காலையிலேயே வந்து, எங்களை அதட்டி, அடுப்பு மூட்டச் சொல்லிப் பொங்கலும் வைத்துவிடுவார்கள். இந்த முறை ஒருவரும் வரவில்லை. மெஸ்ஸில் சொல்லிப் பொங்கல் வாங்கினோம். அலுமினியத் தட்டில், மேலே காகிதம் ஒட்டி வந்தது. அதைப் பற்றி மேலே எழுத எனக்கு விருப்பமில்லை.

அவர்களில் ஒருவர் என் ஆய்வுக்கூடத்து நண்பர். ஏன் வரவில்லை என்று கேட்டேன். "உங்க சங்கம் நடத்துற பொங்கலுக்கு நாங்க விருந்தாளியா வரணுமாப்பா?" என்றார், சிரித்துக்கொண்டே. அவர் கோபித்திருந்தால் நான் வாதாடியிருப்பேன். 'நம்ம சங்கம்' என்று சொல்லிக்கொண்டிருந்தவர் 'உங்க சங்கம்' என்றாரே, அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நான் ரசாயனம் படிப்பவன். அரசியல் சட்டம் எனக்குப் பாடமன்று. ஆனால் இந்தச் சொல் உறுத்திக்கொண்டே இருந்ததால் நூலகத்தில் போய்ப் புரட்டினேன். நமக்கு வேண்டிய மருந்து நம் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. 80-வது ஷரத்தின் 4-வது பகுதி, ராஜ்ய சபைக்கு மாநிலங்களின் பிரதிநிதிகளைச் சட்டசபை அங்கத்தினர்கள் விகிதாசாரப் பிரதிநிதித்துவ முறைப்படி, ஒற்றை மாற்று ஓட்டால் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது. மருந்து சீசாவில் சரியாகத்தான் இருக்கிறது. அதைக் கொடுக்கும் அளவிலும் நேரத்திலும்தான் கோளாறு. நான் சொல்ல வந்ததும் அதுவே.

முறையை நம் சங்கத்தை வைத்தே விளக்குகிறேன். ஒவ்வொருவருக்கும் ஒரே ஓட்டு. அபேட்சகர்களின் பெயர்களுக்கு எதிரே 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுத வேண்டும். ராஜ்ய சபைத் தேர்தல் விதிகளின்படி ஒரு சீட்டின் மதிப்பு 100. ஆக, 61 சீட்டுக்கு 6100. ஸ்தானங்கள் ஐந்து என்றால், ஐந்தோடு ஒன்று கூட்டி ஆறால் வகுக்க வேண்டும், ஈவு 1016, மீதியைத் தள்ளிவிட்டு ஒன்று கூட்டினால் 1017. இதுதான் கோட்டா. இதை எட்டியவர் தேர்வு பெறுவார். ஏன் ஆறால் வகுக்க வேண்டும் என்று கேட்கலாம். ஆறு பேர் 1017 பெற வேண்டுமானால் 6102 வேண்டும். நம்மிடம் இருப்பதோ 6100. ஆகவே ஐந்து பேருக்கு மேல் எவரும் எட்ட முடியாது. ஐந்து பேருக்கு மேல் எட்ட முடியாத மிகச் சிறிய எண் இதுவே. 1860-களில் ஹென்றி ட்ரூப் என்ற ஆங்கிலேய வக்கீல் கண்ட கணக்கு இது. அவருக்கு முன் தாமஸ் ஹேர் என்ற மற்றொரு வக்கீல், ஓட்டைச் சும்மா ஸ்தானங்களால் வகுத்தால் போதும் என்றார். ஒன்று கூட்டுகிற சிறு வித்தையை வக்கீல்கள் கண்டுபிடித்தார்கள் என்பதில், விஞ்ஞான மாணவனான எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

கோட்டாவுக்கு மேல் பெற்றவரின் உபரி வீணாவதில்லை. ஒருவருக்கு 20 சீட்டு விழுந்தால் மதிப்பு 2000, தேவை 1017, உபரி 983. அந்த 20 சீட்டிலும் அடுத்த விருப்பம் எழுதியிருந்தால், 983-ஐ 20-ஆல் வகுத்து, சீட்டுக்கு 49 வீதம் அடுத்தவருக்குப் போகும். பின்னங்களைத் தள்ளிவிட வேண்டும் என்பது விதி. இங்கே மொத்தத்தில் 3 காணாமற் போகிறது. முடிவுத் தாளில் 'பின்னங்களால் நஷ்டம்' என்று அதற்கு ஒரு வரிகூட உண்டு. தராசில் நாலாவது தசம ஸ்தானத்துக்கு அடித்துக்கொள்ளும் எங்கள் பேராசிரியர் இதைப் பார்த்தால் என்ன சொல்வாரோ!

இப்போது 37-ஐயும் 24-ஐயும் பாருங்கள். 1017-ஐ எட்ட 11 பேர் வேண்டும். 24 பேரில் இரண்டு கோட்டா இருக்கிறது. 37 பேரில் மூன்று. மூன்றும் இரண்டுமாகக் கமிட்டி அமைந்திருக்கும். நாங்கள் மொட்டைமாடியில் கூடியிருந்தாலும் கூடாவிட்டாலும் அதே விளைவுதான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இதே முறையை, இதே 61 பேரை வைத்து, ஐந்து ஸ்தானங்களையும் ஐந்து வெவ்வேறு நாட்களில் ஒவ்வொன்றாக நிரப்பினால் என்னவாகும்? ஒரு ஸ்தானம் என்றால் கோட்டா 31 பேர். ஐந்து நாளும் 37 ஜெயிக்கும், ஐந்து நாளும் 24 தோற்கும். சீட்டில் 1, 2, 3 என்று எழுதுகிற சடங்கு மட்டும் மிஞ்சும். விகிதாசாரம் என்பது ஓட்டுச் சீட்டில் இல்லை. எத்தனை ஸ்தானங்களைச் சேர்த்து எண்ணுகிறோம் என்பதில் இருக்கிறது. ராஜ்ய சபைத் தேர்தலில் யாரும் பேசாத விஷயம் இதுதான்.

சேர்த்து எண்ணினால் சிறு கூட்டத்துக்கு என்ன கிடைக்கும் என்பதற்குச் சரித்திரத்திலேயே சாட்சி உண்டு. 1946-ல் அரசியல் நிர்ணய சபைக்கு மாகாணச் சட்டசபைகள் இதே முறையில்தான் ஆட்களை அனுப்பின. டாக்டர் அம்பேத்காருக்குப் பம்பாயில் வழி கிடைக்கவில்லை. வங்காளத்தில் ஜோகேந்திரநாத் மண்டல் முதலிய சிலரின் ஆதரவால் தேர்வு பெற்று அவர் டில்லிக்கு வந்தார். வங்காளத்துச் சபையில் எந்தப் பெரிய கட்சியும் அவரை அனுப்பவில்லை. சேர்த்து எண்ணப்பட்ட பல ஸ்தானங்களில் ஒன்றுக்குச் சில ஓட்டுகள் போதுமானவையாக இருந்தன. ஒவ்வொன்றாக எண்ணியிருந்தால் அந்தச் சில ஓட்டுகளுக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்?

இனி நம் காலத்துக்கு வருவோம். 2017 ஆகஸ்டில் குஜராத்தில் மூன்று ஸ்தானங்களுக்கு நடந்த தேர்தல் பலருக்கு நினைவிருக்கும். 176 பேர் ஓட்டளித்தனர். காட்டக்கூடாதவருக்குச் சீட்டைக் காட்டியதற்காக இரண்டு ஓட்டுகளைத் தேர்தல் கமிஷன் இரவோடிரவாகச் செல்லாதவை ஆக்கியது. மிச்சம் 174, கோட்டா 4351. அமித் ஷாவுக்கு 46, ஸ்மிருதி இரானிக்கு 46, காங்கிரஸின் அகமது பட்டேலுக்கு 44, பல்வந்த்சிங் ராஜ்புத்துக்கு 38. பட்டேலின் 4400 கோட்டாவைத் தாண்டியது. 176-ம் செல்லுபடியாகியிருந்தால் கோட்டா 4401. ஓர் ஓட்டில் நூறில் ஒரு பங்கு குறைவு! அந்த இரண்டு ஓட்டால்தான் பட்டேல் பிழைத்தார் என்று அன்று எல்லோரும் பேசினார்கள். நான் நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். அந்த இரண்டும் ராஜ்புத்துக்கே சேர்ந்திருந்தால் அவருக்கு 4000. ஷா, இரானி இருவரின் உபரி ஆளுக்கு 199. சீட்டுக்கு 4 வீதம் 46 சீட்டுக்கு 184. இரண்டும் சேர்ந்து 368. அத்தனையும் அவருக்கே போயிருந்தாலும் 4368தான். 4400 நின்றிருக்கும். பின்னத்தைத் தள்ளாமல் கூட்டினாலும் 4398. ஆக, முறை அதன் வேலையைச் செய்தது: மூன்றைச் சேர்த்து எண்ணியதால் இரண்டும் ஒன்றுமாகப் பிரிந்தது.

அதே மூன்றில் இரண்டு, 2019 மே மாதம் ஷாவும் இரானியும் லோக் சபைக்குத் தேர்வானதால் காலியாயின. ஒரு நாள் முன்பின்னாகக் காலியான ஸ்தானங்கள். இரண்டுக்கும் மிச்சமிருந்த பதவிக்காலமும் ஒன்றே. தேர்தல் கமிஷன் ஒரே நாளில், ஆனால் தனித்தனித் தேர்தலாக இரண்டையும் அறிவித்தது. இடையில் ஏற்படும் காலி ஸ்தானம் ஒவ்வொன்றும் தனி என்பது அதன் வாதம். காங்கிரஸ் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. தேர்தல் அறிவித்தாகிவிட்டது, பிறகு தேர்தல் மனுப் போடுங்கள் என்றது கோர்ட். ஜூலை 5-ம் தேதி இரண்டையும் ஆளுங் கட்சியே வென்றது. சேர்த்து எண்ணியிருந்தால் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல், சுமார் 59 ஓட்டு போதும். காங்கிரஸிடம் எழுபதை ஒட்டி இருந்தன.

இதற்கு மறுபக்கத்தார் ஒரு பதில் சொல்லலாம், அது லேசான பதிலன்று. "காலியான இரண்டும் எங்களுடையவை. எங்களுடையதை நாங்கள் திரும்பப் பெற்றோம். சேர்த்து எண்ணியிருந்தால் மூன்றில் இரண்டு சிறுபான்மைக் கட்சிக்குப் போயிருக்கும். அது என்ன விகிதாசாரம்?" நான் இதைக் கேட்டு இரண்டு நாள் யோசித்தேன். ஸ்தானம் கட்சிக்குச் சொந்தம் என்றால் இந்த வாதம் சரியே. அப்படியானால் அந்த நியாயம் எல்லா ஊரிலும் செல்ல வேண்டுமல்லவா? நம் ஊரில் நடந்ததைப் பாருங்கள்.

2021-ல் தமிழ்நாட்டிலிருந்து மூன்று ராஜ்ய சபை ஸ்தானங்கள் காலியாயின. முகமது ஜான் மார்ச்சில் காலமானார், கே. பி. முனுசாமியும் வைத்திலிங்கமும் சட்டசபைக்குத் தேர்வானதால் மே மாதம் விலகினார்கள். மூவரும் அ.தி.மு.க.வினர். இடைத்தேர்தல்கள் செப்டம்பரிலும் அக்டோபரிலும் மூன்று வார இடைவெளியில், தனித்தனியாக வைக்கப்பட்டன. மூன்றும் தி.மு.க.வுக்கு, போட்டியே இல்லாமல். இங்கே 'எங்களுடையதை நாங்கள் பெற்றோம்' என்று சொல்ல வழியில்லை. எதிர்க்கட்சியின் மூன்றும் ஆளுங் கட்சிக்குப் போயின. குஜராத்தில் அந்தக் கட்சிக்கு, சென்னையில் இந்தக் கட்சிக்கு. விதிக்குக் கட்சி கிடையாது. அது எப்போதும் மெஜாரிட்டியின் பக்கம்.

மூன்றையும் சேர்த்து எண்ணியிருந்தால்? சட்டசபையில் 234 பேர், கோட்டா 5851, அதாவது 59 ஓட்டு. அ.தி.மு.க.விடம் 66. ஒரு ஸ்தானம் அவர்களுக்கு நிச்சயம். அக்டோபரில் நடந்த இரண்டை மட்டும் சேர்த்திருந்தால் கோட்டாவுக்கு 79 வேண்டும். அந்த அணியிடம் 75தான். ஆளும் அணியிடம் 159, அதாவது சரியாக இரண்டு கோட்டாவும் மேலே ஒன்றும். விளைவு மாறியிராது. மூன்றைச் சேர்த்தால் ஒன்று, இரண்டைச் சேர்த்தால் பூஜ்யம்! ஒரு கட்சியின் பிரதிநிதித்துவம் தேதி குறிப்பவர் கையில் இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? தேதி குறித்தவர் மனத்தில் களங்கம் இருந்தது என்று நான் சொல்லவில்லை. களங்கமில்லாதவர் கையிலும் அந்த அதிகாரம் இருக்கலாகாது என்கிறேன்.

வழக்கமான தேர்தல்களில் தமிழ்நாட்டுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. 18 ஸ்தானங்கள், ஆறு ஆறாக வருகின்றன, 34 பேர் இருந்தால் ஒருவரை அனுப்பலாம். கஷ்டம் சிறிய மாநிலங்களுக்கு. உத்தரகண்டுக்கும் ஹிமாசலப் பிரதேசத்துக்கும் மூன்று மூன்று ஸ்தானங்கள், மூன்றும் வெவ்வேறு ஆண்டுகளில் ஒவ்வொன்றாக வருகின்றன. உத்தரகண்டில் 2022-ல் அமைந்த 70 பேர் சட்டசபையில் காங்கிரஸுக்கு 19. மூன்றும் ஒன்றாக வந்தால் 18 போதும். ஒவ்வொன்றாக வருவதால் அந்த 19-க்கு ஒன்றும் இல்லை. ஹிமாசலத்தில் 2024 பிப்ரவரியில் ஒரே ஸ்தானத்துக்கு இருவர் போட்டியிட்டு 34-க்கு 34 என்று நின்றது. சீட்டுக் குலுக்கினார்கள். குலுக்கலில் பெயர் வந்தவர் தோற்றார்! பலருடைய வரிசையில் கடைசியில் நிற்பவரை நீக்குவதற்காக எழுதப்பட்ட விதி. ஒரே ஸ்தானத்தில் அதைப் பொருத்தினால் இப்படித்தான் வேடிக்கையாக முடியும். நாம் இருக்கும் டில்லிக்கும் மூன்றுதான். ஆனால் மூன்றும் ஒன்றாகவே காலியாகின்றன. 2018-லும் 2024-லும் அப்படித்தான் நடந்தது. அப்போது ஒரே கட்சிக்கு அளவுகடந்த பலம் இருந்ததால் மூன்றும் ஒருவருக்கே போயின. அது ஜனங்கள் கொடுத்தது, குறை சொல்வதற்கில்லை. 2025 தேர்தலில் அமைந்த 48-ம் 22-ம் போன்ற ஒரு சபை ஓட்டளித்தால் இரண்டும் ஒன்றுமாகப் பிரியும். டில்லிக்கு முடிவது டேராடூனுக்கு ஏன் முடியாது?

அயர்லாந்துக்காரர்கள் இதே முறையில்தான் தங்கள் பார்லிமெண்டையே தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே 1920-களில் ஒன்பது ஸ்தானத் தொகுதிகூட இருந்தது. இன்று மூன்றிலிருந்து ஐந்து வரைதான். முறையையே ஒழிக்க 1959-லும் 1968-லும் ஜனங்களிடம் ஓட்டுக் கேட்டார்கள். இரு முறையும் ஜனங்கள் மறுத்தனர். ஆனால் தொகுதியைச் சிறிதாக்குவதற்கு யாரும் ஜனங்களைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. தாஸ்மானியாவில் இடையில் ஸ்தானம் காலியானால் பழைய சீட்டுகளையே மறுபடி எண்ணி அடுத்தவரைத் தேர்கிறார்கள். அழகான வழி. நமக்கு அது உதவாது. இங்கே மூன்று ஸ்தானத்துக்கு நாலு பேர்தான் நிற்கிறார்கள், மறுபடி எண்ணினால் அந்த நாலாவது மனிதரைத் தவிர வேறு ஆள் கிடையாது.

ஆகவே என் யோசனை எளியது. ஒரு மாநிலத்திலிருந்து காலியாகும் ஸ்தானத்தை ஆறு மாதத்துக்குள் நிரப்ப வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அந்த ஆறு மாதத்துக்குள் வேறு எத்தனை காலியானாலும் எல்லாவற்றையும் ஒரே தேர்தலாக, ஒரே எண்ணிக்கையாக நிரப்ப வேண்டும் என்று 1951-ம் ஆண்டுப் பிரதிநிதித்துவச் சட்டத்தில் ஒரு வரி சேர்க்கட்டும். சிறு மாநிலங்களின் ஸ்தானங்கள் டில்லியைப் போல ஒன்றாக வரும்படி வரிசையை மாற்றட்டும். 80-வது ஷரத்தைத் தொட வேண்டியதில்லை.

பதவிக்காலம் வெவ்வேறாக இருக்குமே என்பார்கள். உண்மை. 2021-ல் காலியான மூன்றில் ஒன்று 2022 ஜூன் வரைதான், மற்றவை 2025, 2026 வரை. முதலில் தேர்வானவருக்கு நீண்ட காலம் என்று வைத்தால், சிறு கட்சிக்கு அந்த ஒன்பது மாதம்தான் கிடைத்திருக்கும். நியாயம் முழுமையாகவில்லை. சீட்டுக் குலுக்கலாம் என்றால் ஹிமாசலம் நினைவுக்கு வருகிறது. இருந்தாலும் ஒன்பது மாதமாவது ஒரு குரல் இருந்திருக்கும்; இப்போது கிடைத்தது அதுவும் இல்லை.

2003-ல் ரகசிய ஓட்டை எடுத்துவிட்டுக் கட்சி ஏஜெண்டிடம் சீட்டைக் காட்டச் செய்தார்களே, அதையும் கண்டிக்க வேண்டாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். 2006-ல் சுப்ரீம் கோர்ட் அதை ஏற்றுக்கொண்டது. பண மூட்டைக்குப் பயந்து செய்த காரியம். எனக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் மாற்றாக என்ன செய்வது என்றும் தெரியவில்லை. தெரிந்ததைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பார்லிமெண்டை நாம் திருத்த முடியாது. நம் சங்கத்தைத் திருத்தலாம். கமிட்டித் தேர்தல் விதிக்கு ஒரு திருத்தம் எழுதிக் காரியதரிசியிடம் கொடுத்திருக்கிறேன். ஒருவருக்கு ஒரே ஓட்டு, விருப்ப வரிசையுடன். ஐந்து ஸ்தானங்களும் ஒரே எண்ணிக்கையில். நடுவில் யாராவது படிப்பு முடிந்து போனால், அந்த ஸ்தானத்தை மட்டும் தனியே நிரப்பாமல், பொதுக் கூட்டத்தில் ஐந்தையும் புதிதாகத் தேர்ந்தெடுப்பது. இந்தக் கடைசி வரிக்குத்தான் எங்கள் விடுதியில் எதிர்ப்பு அதிகம். ஒருவன் போனதற்காக நாலு பேர் ராஜிநாமா செய்வதா என்கிறார்கள். விகிதாசாரம் உடையாமல் இருக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. தெரிந்தவர் திருத்தத்துக்குத் திருத்தம் கொண்டு வரட்டும்.

இது நிறைவேறினால் அடுத்த தேர்தலில் எங்களுக்கு இரண்டு ஸ்தானம் குறையும். அந்த இரண்டில் ஒன்று என்னுடையதாக இருக்கலாம். மொட்டைமாடியில் இதைச் சொன்னபோது, "உனக்கு என்னப்பா, வருகிற மே மாதம் எம்.எஸ்ஸி. முடிந்து போய்விடுவாய்" என்றார் ஒருவர். அதுவும் உண்மைதான்.

பொதுக் கூட்டத்துக்கு 61 பேரும் வர வேண்டும். எண்ணுவதற்கு இரண்டு பேர் தேவை, ஒருவர் விடுதியிலிருந்து, ஒருவர் டில்லி வீட்டிலிருந்து. இரண்டாமவராக என் ஆய்வுக்கூடத்து நண்பரைக் கேட்டிருக்கிறேன். கால்குலேட்டர் கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். பின்னத்தைத் தள்ள வேண்டும் என்று இன்னும் அவரிடம் சொல்லவில்லை.